கொம்புக்கு அடியில் வைத்த பலகை

அடைமழையில் கூரை ஒழுகி, பழந்துணி போட்டுவைத்திருந்த தேயிலைப் பெட்டி நனைந்துவிட்டது. காலையில் வெளியே இழுத்தேன். பக்கப் பலகை மூன்று தாளாகப் பிரிந்து கையோடு வந்தது. அந்தப் பசை நாற்றம் மூக்கில் ஏறியதும் உன் நினைப்புதான். நீ இறந்துபோய்விட்டாய் என்று உன் மகன் எழுதி ஒரு மாதம் ஆகிறது. இன்னும் பதில் போடவில்லை. அவனுக்கு எழுதுவதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நீ பெக்டரி மெஷின்களைப் பார்க்கிற பிட்டர், நான் மரவேலை செய்கிற தச்சு பாஸ். பெரிய துரை ஒரு பாய்மரப் படகை வாங்கி, லொறியில் ஏற்றிவந்து பெக்டரிக்குப் பின்னால் கொட்டகையில் இறக்கினார். பதினெட்டு அடி நீளம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். மேல்தளத்தில் கயிறு கட்டும் பித்தளைக் கொம்புகளும் பிடித்து நடக்கக் கம்பித் தூண்களும் பொருத்துவது நம் வேலை. முடிந்ததும் அதைக் கடலில் விடத் திருகோணமலைக்குப் போகும்போது உன்னைக் கூட்டிப்போவதாகத் துரை வாக்குக் கொடுத்திருந்தார். நீயோ அதை நாம் குடியிருந்த லயம் முழுக்கச் சொல்லி, புதுச் சட்டையும் தைத்துவிட்டாய். ஒரு போத்தல் கடல் தண்ணீர் கொண்டுவருவதாக உன் பெண்டாட்டியிடம் சொல்லியும் வைத்தாய். நம் இரண்டு பேரில் ஒருவரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

தளத்தைத் துளைத்து, துளையைச் சுற்றித் தண்ணீர் இறங்காமல் மக்கு பூசி, போல்ட்டை இறக்க வேண்டும். அடியில் தேக்குப் பலகையும் அகல வாசரும் வைத்து நட்டு முடுக்க வேண்டும். பலகை இல்லாவிட்டால் கயிறு இழுக்கிற இழுப்பில் கொம்பு தளத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஒல்லியான நான் தளத்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். தொந்தியோடு நீ மேலே. பெக்டரி மெஷின் ஓடுகிற சத்தத்தில், கத்தினாலும் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. அதனால் தட்டிக்கொண்டோம். ஒரு தட்டு என்றால் முடுக்கு. இரண்டு தட்டு என்றால் நிறுத்து.

முன்பக்கத்துக் கொம்பு கடைசி. நங்கூரக் கயிறு அதில்தான். தேக்கு தீர்ந்துபோயிருந்தது. பெட்டி அடிக்கிற இடத்திலிருந்து தேயிலைப் பெட்டிப் பலகையை எடுத்து, இரண்டாக மடித்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேலே வெள்ளை அடித்துவிட்டேன். நூறு ராத்தல் தேயிலையைச் சுமந்துகொண்டு கப்பலில் லண்டன் வரை போகிற பலகை, ஒரு கொம்பைத் தாங்காதா என்று நினைத்தேன். ஈரம் பட்டால் அது பிரிந்துவிடும் என்கிற புத்தி அன்றைக்கு எனக்கு வரவில்லை.

மறுநாள் நீ முடுக்கிப் பார்த்தாய். போல்ட் இன்னும் அரைச் சுற்று இறங்கியது.

"மச்சான், தேக்கு இப்படி எறங்காதே. அடியில என்னத்த வச்ச?"

சொன்னேன்.

"அது பெட்டிக்குள்ள இருக்கிற தேயிலைக்குத்தான்டா. இதுல ஆளுங்க போறாங்க. கழட்டு."

ஹட்டனில் போய்த் தேக்குத் துண்டு வாங்கி வந்தாய். நான் அடியில் கிடந்து பழைய பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மெஷின் நின்றிருந்த நேரமாகப் பார்த்துத் துரை வந்துவிட்டார். பூச்சு உரிந்து, தளமெல்லாம் மக்கு.

"யார் வேலை இது?"

பேரை வெட்டி வேலையிலிருந்து நிறுத்தினால், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும். வீட்டில் என் பெண்டாட்டி எட்டு மாதப் பிள்ளைத்தாச்சி. இருந்தாலும் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். தலைக்கு மேலே உன் குதிகால் தளத்தை இரண்டு தரம் தட்டியது.

"நான்தாங்க தொர. ஓட்டையத் தப்பாப் போட்டுட்டேன்."

உன் பேரை அவர் வெட்டவில்லை. திருகோணமலைக்கு மட்டும் உனக்குப் பதிலாக என்னைக் கூட்டிப்போனார்.

திரும்பி வந்ததும், "தாங்குச்சா?" என்று மட்டும் கேட்டாய். தாங்கியது என்றேன். நான் கொண்டுவந்த போத்தலைத் திறந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாய்.

"நெசமாவே உப்புதான் மச்சான்."

அப்புறம் நீ கடலைப் பார்த்தது, குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனபோதுதான். தலைமன்னாரில் கப்பல் ஏறினதைப் பற்றி எழுதியிருந்தாய். "கப்பல்ல பெரிய பெரிய கொம்பு. அடியில என்ன பலகைன்னு பாக்க விடல." அந்தக் கடிதத்தைப் படித்து நான் சிரித்தேன், பிறகு வெகுநேரம் அழுதேன். ஏன் என்று உனக்கு எழுதவில்லை.

திருகோணமலையில் ஒரு சாயங்காலம், நங்கூரம் போட்டுப் படகு அசையாமல் நின்றது. கொம்பு நன்றாக இருந்தது. துரை அதைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"பிட்டர் கெட்டிக்காரன். அவன் எப்படி ஓட்டையைத் தப்பாப் போட்டான்?"

கோபமில்லாமல்தான் கேட்டார். அப்போது குழந்தையும் பிறந்திருந்தது. சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், அவ்வளவுதான். அடுத்த பயணத்தில் அவர் பக்கத்தில் நீ உட்கார்ந்திருப்பாய். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "தெரியலிங்க தொர" என்றேன்.

கொட்டகையில் நான் பேசாமல் இருந்ததற்கு உன் இரண்டு தட்டு சாக்காக இருந்தது. திருகோணமலையில் என் தலைக்கு மேலே யாரும் தட்டவில்லை.