ஃபைன் என்று நீ சொல்லும்போது

தேவனாம்பட்டினம், கடலூர்.

அன்பு மகள் தமிழினிக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே குறை இல்லை, அங்கே வெளிநாட்டில் உன் சுகத்தை இந்தத் தடவையாவது ஒரே சொல்லில் முடிக்காமல் எழுது.

முதலில் என் மானம் போன கதை. செவ்வாய்க்கிழமை அம்மாவைச் சிதம்பரத்தில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் இங்கிலீஷில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும், அம்மா வாயைத் திறக்கும் முன்னே, எட்டாவது படித்த துரை நான், "ஃபைன் சார்" என்றுவிட்டேன். "அப்பறம் எதுக்குப் பெரியவரே டோக்கன் போட்டு ரெண்டு மணி நேரம் ஒக்காந்தீங்க?" என்று அவர் கேட்க, வெளியே காத்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். "நோவு எனக்கு, பதிலு ஒங்களுக்கா?" என்று பஸ் முட்லூர் தாண்டும்வரை அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அது உன்னிடமிருந்து எனக்குத் தொற்றிய சொல்தானே. சாப்பாடு ஃபைன், வேலை ஃபைன், மாப்பிள்ளை ஃபைன். உன்னோடு படித்த எழிலரசி திருப்பாதிரிப்புலியூரில் இங்கிலீஷ் டீச்சர் இல்லையா, அவளைக் கேட்டேன். மழை விட்டு வெயில் அடித்தாலும் ஃபைன், மாவு நைசாக அரைபட்டாலும் ஃபைன், மனுஷரைக் கேட்டால் மட்டும் "மேல கேக்காதீங்கன்னு அர்த்தம் மாமா, நாங்கூட அப்படித்தான் சொல்லுறேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் முகம் வீங்கியிருந்தது. உன் பின்னால் மாப்பிள்ளையின் செருப்பு வைக்கும் இடம் மூன்று வாரமாகக் காலி என்று அம்மா சொல்கிறாள்.

நீ எங்களைப் பார்த்துப் பழகியதுதான் பாப்பா. கடலில் இருப்பவன் மனசு கலங்கினால் கை தவறும் என்று வயர்லெஸ்ஸில் கெட்ட சேதி சொல்ல மாட்டோம். தாத்தா செத்த அன்றைக்கு, "எல்லாம் நல்லாருக்கோம், வலையப் பாருங்க" என்றாள் உன் அம்மா. நானும் மூன்று நாள் சந்தோஷமாக மீன் பிடித்துவிட்டு வந்து இறங்கினேன், எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பழக்கம் கடலில் இருப்பவனுக்கு. நான் இப்போது கரையில்தான் இருக்கிறேன், எதுவானாலும் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. பாஸ்போர்ட்டை உன் கைப்பையிலேயே வைத்துக்கொள், மறக்காதே. அங்காளம்மன் உன் பக்கத்தில் நிற்பாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன், நீயும் இதே சொல்லைத்தான் சொன்னாய். உன் முகத்தைப் பார்த்தேன், எனக்குப் புரிந்தது. பந்தல் போட்டாகிவிட்டதே என்று மேலே கேட்காமல் எழுந்து போனேன். இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடமும்.

இப்படிக்கு,
உன் அப்பா ராஜவேல்