குளியலறை ஜன்னலை அடைக்க வேண்டாம்; மேஸ்திரியைத் திரும்ப அனுப்புங்கள்

அனுப்புநர்
மறைந்த நில அளவையாளரின் மனைவி,
மூன்றாம் மாடி, ஏழாம் எண் வீடு.

பெறுநர்
உதவிப் பொறியாளர் அவர்கள்,
குடியிருப்புப் பராமரிப்பு அலுவலகம்.

பொருள்: இம்மாதம் ஆறாம் தேதி நான் அளித்த புகாரைத் திரும்பப் பெறுதல், மேஸ்திரியை மீண்டும் பணியில் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் குளியலறையைப் புதுப்பிக்க முன்வந்ததற்கு முதலில் நன்றி. ஷவருக்கு எதிரே இருந்த மர ஜன்னல் தண்ணீர் பட்டு உளுத்து, கீழ்வீட்டுக் கூரைவரை ஈரம் இறங்கியது. அதைச் செங்கல் வைத்து அடைப்பதாகத் தங்கள் வரைபடம் கூறியது. நானும் கையெழுத்திட்டேன்.

2. மேஸ்திரி இணங்கவில்லை. "அடைச்சிட்டா ஈரம் எங்கம்மா போகும்? சுவரெல்லாம் பாசி புடிச்சுரும். தண்ணி நிக்காம நான் செஞ்சு தர்றேன்" என்றார். "படத்துல இருக்கறதச் செய்யுங்க, எனக்குப் பாடம் எடுக்காதீங்க" என்றேன். நான் வெளியே சென்றிருந்த ஒரு பகலில், தண்ணீர் குளியலறைக்குள்ளேயே வடியுமாறு உள்பக்கம் சரியும்படி அடியில் கல் பதித்து, மங்கல் கண்ணாடி போட்ட அலுமினிய ஜன்னலைப் பொருத்திவிட்டார். அன்றே புகார் எழுதினேன். "திமிர்" என்ற சொல்லையும் அதில் சேர்த்திருந்தேன். அவர் நீக்கப்பட்டார்.

3. சென்ற வாரம் திங்கள் காலை குளிக்கும்போது வழுக்கி விழுந்தேன். கான்வென்ட் விடுதியில் வளர்ந்தவளாதலால், தனியே வசித்தும் கதவைத் தாழிட்டே குளிப்பது என் வழக்கம். எழ முடியவில்லை. திறந்திருந்த ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்துத் தையற்காரப் பெண்ணின் மிஷின் சத்தம் கேட்டது. பத்தாண்டுகளாக அவரோடு பேசியதில்லை. எப்படி அழைப்பதென்று யோசித்ததிலேயே சிறிது நேரம் போயிற்று. பிறகு, "மன்னிக்கணும், கொஞ்சம் வர முடியுமா?" என்று உரக்கக் கூவினேன். மிஷின் நின்றது. "அசையாதீங்க ஆன்ட்டி, இதோ வந்துட்டேன்!" என்று பதில் வந்தது. கூட்டிவந்த காவலாளி வாசற்கதவையும் குளியலறைக் கதவையும் உடைத்ததும் அவரை வெளியே நிறுத்திவிட்டு, யாருக்கோ தைக்க வைத்திருந்த புதுத் துணியால் என்னை மூடினார் அந்தப் பெண். அதை நான் மறக்கமாட்டேன்.

4. இடுப்பெலும்பில் கீறல் மட்டுமே. இன்னும் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று மருத்துவர் விளக்க முற்பட்டார், வேண்டாமென்றேன். இந்நிலையில், வெள்ளியன்று வேறொருவர் வந்து ஜன்னலை அடைப்பார் என்று தங்கள் கடிதம் வந்துள்ளது. மேஸ்திரியின் பெயரை ஒப்பந்தப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டதாகவும் அறிகிறேன். என்னைக் கேட்காமல் செய்தது அவர் தவறுதான். இன்றும் அப்படியே கருதுகிறேன். வேலையில் மட்டும் குறையில்லை. பதினெட்டு நாட்களாகக் கூரையில் ஈரம் இல்லையென்று கீழ்வீட்டு அம்மாள் எழுதித் தந்ததை இணைத்துள்ளேன்.

5. ஆகவே, ஜன்னலை இருக்கிறபடியே விட்டு, அவர் பெயரைப் பட்டியலில் மறுபடி சேர்த்து, மீதி டைல்ஸ் வேலைக்கு அவரையே அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அவர் வர மறுத்தால், அது அவர் உரிமை. அப்போதும் இம்மனுவின் நகலை அவரிடம் சேர்ப்பியுங்கள்.

என் முதல் புகாரின்மீது மூன்றே நாளில் நடவடிக்கை எடுத்தீர்கள். வெள்ளிக்கும் மூன்று நாள் இருக்கிறது.

நாள்: 24, செவ்வாய்
இடம்: என் வீடு, படுக்கையிலிருந்து

இப்படிக்கு,
முதல் புகாரையும் எழுதியவள்
(கையொப்பம்)