நான் வெட்டிய நாற்பது நொடிகள்

என் பாசத்துக்குரிய சலீம் அண்ணா,

பாலத்தை முழுசாகத் திறந்துவிட்டார்கள் அண்ணா, ரெண்டு பக்கமும் திறந்தாச்சு, பெங்களூரிலிருந்து வரும் வண்டி நம் ஊரில் பிரேக்கே பிடிக்காமல் சேலத்துக்குப் போகலாம், திறப்பு விழாப் பந்தலில் உங்கள் வீடியோவைத்தான் பெரிய திரையில் போட்டார்கள்.

"இன்னுமா நம்மள வளரும் நாடுன்னு சொல்லிக்கினு இருக்கீங்க?" என்று உங்கள் குரல் ஸ்பீக்கரில் வந்ததும் பந்தலே கைதட்டியது. விசில் கூட அடித்தார்கள். அந்த இடத்தில் விசில் வரும் என்று நான்தானே உங்களிடம் பந்தயம் கட்டினேன். ஜெயித்துவிட்டேன். ஜெயித்து என்ன செய்ய?

என் பக்கத்தில் உங்கள் மனைவி பர்வீன் அண்ணி நின்றார். நீங்கள் போய் மூன்று மாதம் கழித்து உங்கள் முகத்தை ஒரு வீட்டுச் சுவர் அளவுக்குப் பார்த்தார். துப்பட்டா நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு கடைசி வரை பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "இதே எடத்துல நின்னு கடைசியா ஏதோ பேசினேன்னு வீட்ல சொன்னாரே, அது எங்கம்மா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். உங்களுக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் நம் சேனலில் எல்லோரும் படிக்கிற மாதிரி போடுகிறேன். இவ்வளவு நாள் மறைத்தது போதும்.

உங்களைத் தெரியாதவர்களுக்காக ரெண்டு வரி. நீங்கள் பைக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். வாரம் ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளில் ஓசூரைச் சுற்றி என்னென்ன முளைக்கிறதோ எல்லாவற்றையும் போனில் எடுத்துப் பேசுவீர்கள். புது ஷெட், புது கேட், ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில், கெலவரப்பள்ளி அணைப் பக்கம் வந்த புது லேஅவுட். தமிழில் ஆரம்பித்து, நடுவில் கன்னடம், திட்டுவதற்கு மட்டும் தெலுங்கு.

நான் காவேரிப்பட்டணத்திலிருந்து போன் அசெம்பிளி வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். பாலத்துத் தூண்கள் எழும்பின வீடியோவுக்கு வரிசையாகப் பதினேழு ஹார்ட் போட்டேன். "தங்கச்சி, கண்ணு பட்டுடப் போவுது, கொஞ்சம் கம்மி பண்ணிக்க" என்று நீங்கள் பதில் போட்டீர்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்காத ஆள் எங்கள் ஹாஸ்டலில் இல்லை.

அப்புறம் நானே எடிட்டிங் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. போனிலேயே பார்த்து, போனிலேயே தப்பு பண்ணி, போனிலேயே திருத்தினேன். நீங்கள் எடுத்து அனுப்புவீர்கள், நான் வெட்டி ஒட்டி ஏற்றுவேன்.

நம் ரெண்டு பேருக்கும் ஒரே ஒரு கோபம்தான். ஞாபகம் இருக்கிறதா? "எங்க அம்மா படிச்ச புத்தகத்துலயும் இந்தியா வளரும் நாடு, எம் புத்தகத்துலயும் வளரும் நாடு. எப்பதாண்ணா வளர்ந்து முடிப்போம்?" என்று நான் கேட்டேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இதையே தலைப்பா வெச்சிடலாம்" என்றீர்கள். நான் கையில் பூட்டும் போன் எந்தெந்த நாட்டுக்கோ போகிறது. உங்கள் கம்பெனியில் ரோபோ வந்து வெல்டிங் வைக்கிறது. வண்டிக்கடை பேல்பூரிக்காரர் கூட ஸ்கேன் பண்ணச் சொல்கிறார். இன்னும் நம்மை வளரும் பிள்ளை என்று சொன்னால் எரிச்சல் வராதா?

அந்த எரிச்சலில்தான் நான் வெட்ட ஆரம்பித்தேன்.

நீங்கள் எதையும் மறைத்து எடுக்க மாட்டீர்கள். ஃப்ரேமில் குப்பை வரும், படுத்திருக்கும் மாடு வரும், காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நிற்கும் ஆள் வருவார். நான் ஒவ்வொன்றாகத் தூக்குவேன். தூக்க முடியாததை ஜூம் பண்ணி வெளியே தள்ளுவேன். கீழே கமெண்டில், "இது இந்தியாவா, சிங்கப்பூரா" என்று யாராவது போட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு வேண்டாம். என்னைப் போல வளர்ச்சி வீடியோ போடுகிற எல்லாருமே இப்படித்தான் செய்கிறோம் அண்ணா. இது தப்பு என்றே எங்களுக்குத் தோன்றாது. சுத்தம் செய்கிறோம் என்றுதான் நினைப்போம்.

பாலம் வீடியோவின் கடைசியில் நீங்கள் பாலம் வந்து இறங்கும் இடத்தில் நின்று நாற்பது நொடி பேசியிருந்தீர்கள். உங்கள் பின்னால் ஷிப்ட் முடிந்தவர்கள் சாப்பாட்டுப் பையோடு சாலையின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம்.

"பாலம் சூப்பரு, அதுல சந்தேகம் இல்ல. ஆனா வண்டி நூறுல எறங்கற எடமும் ஜனங்க ரோடு தாண்டற எடமும் ஒண்ணா இருக்குது. கம்பெனி இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம். சுரங்கப்பாதைக்குப் போய் சுத்திக்கினு வந்தா கேட்டு மூடிடுவான். தெறக்கறதுக்குள்ள இங்க ஒரு நடைபாலம் வேணும். எழுதி வெச்சிக்கோங்க, இல்லனா இங்க ஆளு சாவாங்க."

நான் அதை வெட்டினேன். தலைப்பு 'இன்னுமா வளரும் நாடு?' முடிவில் ஜனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் எப்படி?

நீங்கள் பார்த்துவிட்டுப் போன் பண்ணினீர்கள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"ஏம்மா, கடைசில அந்த நடைபாலம் மேட்டரக் காணோமே?"

"அது வந்தா மூடு போயிடும்ணா. ஜனங்க ஃபீல் ஆயிடுவாங்க."

"ஃபீல் ஆவட்டுமே."

"தனியா ஒரு வீடியோவா போட்டுடலாம்ணா. சத்தியமா."

"சரி விடு, எடிட்டர் சொன்னா கேட்டுக்கணும். அந்தத் துண்ட பத்திரமா வெச்சிரு."

பத்திரமாக வைக்கவில்லை அண்ணா. போனில் இடம் இல்லையென்று அடுத்த நாளே ஒரிஜினலை அழித்துவிட்டேன். உங்கள் போனிலும் நீங்கள் அழித்திருந்தீர்கள், என்னிடம் இருக்கிறது என்ற நம்பிக்கையில். ரெண்டு வாரம் கழித்து நீங்கள் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். "பரவால்ல தங்கச்சி, ஞாயித்துக்கெழம லீவுதான, மறுபடி எடுத்துக்கலாம்" என்றீர்கள்.

அதற்குள் பாலத்தின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

அந்த இடத்தில் எப்படித் தாண்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும், படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஒற்றை ஆளாக யாரும் போக மாட்டார்கள். பத்துப் பதினைந்து பேர் சேரும் வரை ஓரத்தில் நிற்பார்கள். அவசரப்படுபவர்களைத் தூத்துக்குடிக்கார அக்கா ஒருத்தர் பையைப் பிடித்து இழுப்பார். "ஏ புள்ள, ஆளு சேரட்டும். ஒனக்கு மட்டும் லாரிக்காரன் மாமனா மச்சானா, நிப்பாட்டுததுக்கு?" கும்பல் சேர்ந்ததும் முன்னால் ஒருவர் கையைத் தூக்குவார். பின்னால் எல்லோரும் ஓடுவோம். கும்பலைப் பார்த்தால் லாரி வேகத்தைக் குறைக்கும், ஒரு ஆளைப் பார்த்தால் குறைக்காது. இதுதான் எங்கள் சிக்னல்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் கும்பல் ஏது? அந்த நாற்பது நொடியை மறுபடி எடுக்க நீங்கள் ஒற்றை ஆளாகத் தாண்டினீர்கள், கையில் போனோடு. பாலத்திலிருந்து இறங்கிய கண்டெய்னர் லாரி நிற்கவில்லை.

போன் நொறுங்கிவிட்டது. அதிலிருந்து ஒரு நொடி கூட எடுக்க முடியவில்லை. மூன்று கடைகளில் கேட்டுவிட்டேன்.

விழா வரைக்கும் இதை அண்ணியிடம் நான் சொல்லவில்லை. விழா முடிந்து திரும்பும் வழியில், ஷேர் ஆட்டோவில் வைத்தே சொன்னேன். இறங்கும்போது அண்ணி சொன்னார்.

"அவரு எப்பவும் அப்படித்தாம்மா. பாதில விட்டத முடிக்காம சோறு எறங்காது. நீ வெட்டலன்னாலும் வேற எதுக்காச்சும் போயிருப்பாரு." அப்புறம், "ஆனா நீ வெட்டியிருக்கக் கூடாது" என்றார்.

ரெண்டையும் ஒரே குரலில் சொன்னார். எதைப் பிடித்துக்கொள்வது அண்ணா?

இப்போது நடப்பதைக் கேளுங்கள். உங்கள் கம்பெனிக் கேன்டீனில் அண்ணிக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். அதே சாலையை, அதே இடத்தில், தினமும் ரெண்டு தடவை தாண்டுகிறார். ஞாயிற்றுக்கிழமையும் கேன்டீன் உண்டு. போன வாரம் ஒரு டெம்போ அவர் கூடையை இடித்துக்கொண்டு போனது. கூடைதான் போனது என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். உங்கள் மகள் ஆயிஷா அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ராத்திரி பகல் ஒரே நினைப்புதான். அடுத்தது அண்ணியோ?

விழாவுக்கு மறுநாளே நடைபாலம் கேட்டு மனு எழுதிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார், முழுசாகப் படித்தார்.

"நூத்துக்கணக்குல ஆளுங்க தாண்டறாங்கன்னு எழுதியிருக்கியே, எந்த எடம்மா?"

"பாலம் எறங்கற எடம் சார்."

"அந்த எடமா? அது எனக்கு நல்லாத் தெரியுமே." தன் போனை எடுத்து வீடியோவைப் போட்டுக் காட்டினார். நம் வீடியோ. "இத எங்க வீட்டு குரூப்புல கூடப் போட்டேன். நீயே பாரு, எங்கயாச்சும் ஒரு ஆளு குறுக்க போறானா? எவ்ளோ நீட்டா இருக்குது. இவரே சொல்றாரு பாரு, நாம வளர்ந்துட்டோம்னு."

"அவருதான் சார் அங்க செத்துப்போனது."

அவர் வீடியோவை நிறுத்தினார். உங்கள் வாய் பாதி திறந்தபடி நின்றது.

"ஆளுங்க ஓடறத நான்தான் சார் வெட்டிட்டேன். எடிட்டிங் என்னுது."

அவர் போனை மேசைமேல் வைத்தார். "அப்ப வெட்டாதது எங்கம்மா இருக்குது?"

அழித்துவிட்டேன் என்றேன் அண்ணா. மனுவை வாங்கிக்கொண்டார். "ஆதாரம் எதுனா கொண்டா. ஒரு நாள் எடுத்தது பத்தாது, என்னிக்கோ ஒரு நாள் கூட்டம்னு சொல்லிடுவாங்க. நெறைய பேரு, நெறைய நாளு. அப்பதான் மேல அனுப்பினா நிக்கும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ் நம் பாலத்தின் மேல்தான் ஏறியது. வழவழவென்று போனது. மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது, நான் வெட்டின வீடியோ மாதிரியே. எனக்கு அழுகை வந்தது. ஒரு நாடு வளர்ந்ததா வளர்கிறதா என்று எங்கே நின்று பார்க்க வேண்டும் அண்ணா? பாலம் பொய்யில்லை. ரோபோ பொய்யில்லை. நான் பூட்டும் போன் பொய்யில்லை. கையைத் தூக்கிக்கொண்டு ஓடும் அண்ணியும் பொய்யில்லையே. ரெண்டும் ஒரே இடத்தில் இருந்தது, நீங்கள் ரெண்டையும் ஒரே வீடியோவில் எடுத்தீர்கள். நான்தான் ஒன்றை அழித்தேன்.

நம் சேனல் கமெண்டில் இன்னமும் சண்டை போடுகிறார்கள். வளர்ந்த நாடு என்று பாதிப் பேர், எப்போதும் உருப்படாது என்று பாதிப் பேர். முன்பெல்லாம் ரெண்டாவது கட்சியைப் பார்த்தால் விடிய விடியப் பதில் போடுவேன். இப்போது ரெண்டு கட்சிக்கும் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நாம் வளர்கிறோமா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம், அதுவரை அண்ணி உயிரோடு வேலைக்குப் போய்விட்டு வரட்டும். 'வளரும்' என்ற சொல்மேல் எனக்கு இருந்த கோபமும் போய்விட்டது. வளர்ந்து முடித்தாச்சு என்று சொன்னால் அந்த அலுவலகத்தில் நடைபாலம் கேட்டு எப்படி நிற்பது?

இனிமேல் நீங்கள் எடுத்த எதிலும், நான் எடுக்கும் எதிலும் ஒரு நொடி கூட வெட்ட மாட்டேன் அண்ணா. குப்பை வந்தால் வரட்டும். மூடு போனால் போகட்டும். பாலம் வீடியோவை இன்று காலை சேனலிலிருந்து நீக்கிவிட்டேன். நடைபாலம் வருகிற வரைக்கும் கிருஷ்ணகிரிக்குப் போய்க்கொண்டே இருப்பேன். இது சத்தியம். முன்னால் பண்ணின சத்தியம் மாதிரி இல்லை.

இதைப் படிக்கிற உங்கள் எல்லோருக்கும்: அந்த இடத்தில் நீங்கள் தாண்டியிருப்பீர்கள், உங்கள் அம்மாவோ அக்காவோ தாண்டியிருப்பார்கள். யாராவது வண்டியின் டேஷ்கேமில், யாராவது எடுத்த ஸ்டேட்டஸில், செல்ஃபியின் பின்னால், எங்கோ அந்தக் கும்பல் ஓடுவது இருக்கும். அழித்துவிடாதீர்கள். எடிட் பண்ணாமல், தேதி தெரிகிற மாதிரி, அப்படியே இந்தப் பதிவின் கீழே போடுங்கள். தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு பர்வீன் அண்ணி வேலைக்குத் தாண்டுவார். எங்கள் ஹாஸ்டலில் ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், என்னோடு ஏழு. லாரி நிற்க ஏழு பேர் பத்தாது. வாங்க.

உங்கள் பேச்சைக் கேட்காத, இனிமேல் கேட்கப்போகிற,
தங்கச்சி