நீங்கள் பாலிஷ் போட்ட ரெஸ்யூமே

முஸ்அபின் அத்தாவுக்கு,

ரிச்சர்ட்சனில் நடக்கும் இன்டர்வியூவுக்குக் கிளம்பிவிட்டேன். "தனியா ஃப்ரீவேல கார் ஓட்டிட்டுப் போவியா?" என்று போன் பண்ண வேண்டாம். போவேன்.

நேற்று நான் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வருவதற்குள், "உன் ரெஸ்யூமேய கொஞ்சம் பாலிஷ் பண்ணிருக்கேன், பாரு" என்றீர்கள். பார்த்தேன். வீட்டில் இருந்த எட்டு வருஷத்துக்கு என்னை 'ஹோம் ஆபரேஷன்ஸ் டைரக்டர்' ஆக்கியிருந்தீர்கள். ஸ்கூல் விழாவுக்குச் சமோசா கொண்டுபோனது 'குளோபல் சப்ளை செயின்' ஆகியிருந்தது. நல்லவேளை, பெருமையில் ஃபைலை மூடாமல் போய்ப் படுத்துவிட்டீர்கள். கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டே இருந்தேன். உங்கள் வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் நான் வந்தேன். அதைத்தான் பிரின்ட் எடுத்துப் போகிறேன்.

கம்ப்யூட்டரைப் பூட்டியிருக்கிறேன். விண்டோஸ் பொத்தானோடு 'எல்' எழுத்தை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, "ஷட் டவுன் பண்ணிட்டேன்" என்று சொல்வது பூட்டுவதாகாது. ஆபீஸில் சைபர் செக்யூரிட்டிக்கே நீங்கள்தான் தலைவராமே!

நெய்ச்சோறு ஃபிரிட்ஜில் இருக்கிறது. தால்ச்சாவை மூடிச் சூடு பண்ணுங்கள், தெறிக்கும். மூன்று மணிக்கு முஸ்அபை நீங்கள்தான் ஸ்கூலிலிருந்து கூட்டிவர வேண்டும்.

ஆஸிபா

பி.கு: ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக்கைச் சரியாகப் பிடித்திருந்தீர்கள். அதை மட்டும் மறுபடி நானே திருத்திக்கொண்டேன். தேங்க்ஸ்.

இன்னொன்று: இந்த எட்டு வருஷம் என்ன பண்ணினாய் என்று கேட்பார்கள். பிள்ளை வளர்த்தேன் என்றுதான் சொல்லப்போகிறேன். அதற்கு இனிமேல் வேறு பெயர் தேடாதீர்கள்.