ஹேமலதாவின் இடக்கை

வைஷு அப்பாவுக்கு,

காலனியில் புதுச் செய்தி. நேற்று விருந்தாளிகள் முன்னால், இடக்கையால் சாப்பிட்ட மகளை ஒரு தகப்பனார் அந்தக் கையிலேயே அடித்தாராம். உடனே அவர் மனைவி ஹேமலதா கரண்டியை இடக்கைக்கு மாற்றிச் சாம்பார் ஊற்றினாளாம்.

"கைய மாத்துடி, மானம் போகுது!" என்று பல்லைக் கடித்தாராம் மனிதர். எதிர்வீட்டு மராத்தி மாமி ஷிண்டே காகூவின் காதுக்கு எட்டிவிட்டது. இனி இந்த நிக்டி ஏரியா முழுக்கத் தெரியும்.

பாவம், அந்த மனிதருக்குத்தான் ஒன்று தெரியாது. ஹேமலதாவும் பிறவி இடக்கைக்காரி. சின்ன வயதில் அம்மா அந்தக் கையைத் துணியால் கட்டிப்போட்டு மாற்றிவிட்டாள்.

குக்கரில் சாதம், ஃப்ரிஜ்ஜில் தயிர். ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது சாவியைக் காகூவிடம் கொடுங்கள். அதற்கு முன், ஸ்கூல்விட்டு வந்ததும் வைஷு எந்தக் கையால் சாப்பிட்டாலும் பேசாமல் பரிமாறுங்கள்.

பி.கு.: எழுத்து கோணல்தான். இத்தனை வருஷம் சும்மா இருந்த கை, போகப் போகத் தெளியும்.