அரைச் சுரம் கீழே

கோபே,
5 நவம்பர் 1974

அன்பு மகள் ருரிகோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். பிரேசிலில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நீ அனுப்பிய காப்பிப்பொடி வந்து சேர்ந்தது. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "அப்ப நம்ம பாட்டு கிளப்புல இத்தனை வருஷமா ஜனங்களுக்குக் கழனித் தண்ணியா ஊத்திட்டிருந்தோம்?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அந்த இருமலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். நோயாளியிடம் சொல்லாத இங்குள்ள வழக்கப்படி டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவளிடம் சின்னக் கட்டி என்று சொல்லியிருக்கிறோம். இருபதாம் தேதி அறுவை சிகிச்சை. குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிடுவார்கள். பிழைத்துக்கொள்வாள், ஆனால் குரல் இருக்காது. சம்மதத் தாளில் என் பெயர் முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டேன். வரும் வழியில் மீன் வாங்கினேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

குற்றம் என்னுடையது. போன வருஷம் மழைக்காலத்தில் அவள் குரல் மேலே போகத் தடுமாறியது. மேடையில் அவள் முகம் வாடப் பொறுக்காமல், சொல்லாமல் கொள்ளாமல் பியானோவில் அரைச் சுரம் இறக்கி வாசித்தேன். சுகமாகப் பாடினாள். இலையுதிர் காலத்தில் இன்னொரு அரை. எங்களோடு பாஸ் வாத்தியம் வாசிக்கும் நிஷிவாகியிடம் வாயைத் திறக்காதே என்றேன். "அண்ணே, அண்ணிக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் துறைமுகத்துல தள்ளிடுவாங்க" என்றான். இப்போது இரண்டு முழுச் சுரம் இறங்கியாயிற்று. குரல் கனிந்துவிட்டது என்று பத்திரிகைகள்கூட எழுதின. ஒரு வருஷம் முன்பே வந்திருந்தால் குரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்கிறார் டாக்டர். எப்படி வருவாள்? உன் குரலுக்கு ஒன்றுமில்லை என்று நானல்லவா தினமும் வாசித்துக் காட்டினேன்.

போர் முடிந்த புதிதில், பதினேழு வயதில், அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பாட அவர்கள் முகாம் லாரியில் ஏறியவள். ஆங்கிலப் பாட்டை நம் எழுத்தில் எழுதிவைத்து, பொருள் தெரியாமலே பாடுவாள். பாடகர்களைத் தரம் பார்த்த அதிகாரி இரண்டு முறை தேறவில்லை என்று தள்ளிவிட்டான். மூன்றாம் முறை முதல் தரம் வாங்கினாள். டோக்கியோ, இசைத்தட்டு, தொலைக்காட்சி எல்லாம் அப்புறம். பாட்டைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. சோறுகூட நான்தான் வடிக்கிறேன்.

நேற்று கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குப் பட்டியல் போட்டாள். "கட்டி போகட்டும், பழைய பாட்டையெல்லாம் தூசி தட்டறேன். நீங்க விரலைப் பழக்கி வைங்க, சோம்பேறி" என்றாள். சரி என்றேன். மூன்று நாளாக உண்மையைச் சொல்ல முயல்கிறேன். உன் அப்பா கோழை, அவ்வளவுதான்.

நீ ஒன்று செய். பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் செய். மறுநாள் அவள் மருத்துவமனைக்குப் போகிறாள். நோயைப் பற்றிக் கேட்காதே. அழாதே. பாடச் சொல்லாதே, சந்தேகப்படுவாள். கடிதமே போடுவதில்லை என்று திட்டுவாள், பக்கத்து வீட்டுக் கதையெல்லாம் சொல்லுவாள். சொல்லட்டும். எத்தனை நேரமானாலும் கேட்டுக்கொண்டிரு, மகளே. போனை நீ முதலில் வைத்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக இரு.

உன் அப்பா,
தெய்சோ