உன்னைக் கேட்காமல் நான் சொன்ன பதில்

இன்று காலை ஆஸ்பத்திரி நான்காவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் திருநீற்று வாசம் வந்தது. நோயாளிகளைப் பார்த்து ஒரு தேவாரம் பாடிவிட்டுப் போகும் அந்த மூன்று அம்மாக்களும் கையில் பொட்டலத்தோடு எதிரே நின்றார்கள். "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார்கள். கொண்டுபோன ஃபைலைக் கொடுக்காமலே திரும்பக் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

நீ இறந்து ஏழு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. சர்ச்சில் ஃபாதரிடம் சொல்லலாம்தான். ஆனால் தப்பு செய்தது உனக்கு, அவருக்கு இல்லையே.

இருபது வருஷம் கிள்ளானில் இந்த ஆஸ்பத்திரிப் பதிவு கவுண்டரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி நமக்கு. செந்தூலிலிருந்து நான் வருவேன், சென்ட்ரல் ஸ்டேஷனில் வண்டி மாறும்போது பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நீ வந்து சேர்ந்துகொள்வாய். கொமுட்டர் ரயிலில் பெண்கள் கோச்சில் கிள்ளான் வரைக்கும் உன் வாய் ஓயாது. நான் ஜெபமாலையை எடுத்தால், "ஒரு ஸ்டேஷன் லீவு குடுலா உன் சாமிக்கு, பாவம்" என்பாய். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும். வண்டி சுபாங் தாண்டுவதற்குள் சிரித்தும் விடுவேன்.

கவுண்டர் ஃபாரத்தில் சமயம் என்று ஒரு கட்டம் உண்டு. நாங்கள் எல்லோரும் பெயரைப் பார்த்தே அதை நிரப்பிவிடுவோம். லெட்சுமி என்றால் இந்து, மேரி என்றால் கிறிஸ்தவம், கேட்க நேரம் ஏது? பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள். நீ ஒருத்திதான் ஒவ்வொருவரையும் கேட்பாய். ஒருநாள் ஓர் அங்கிள், "ஒன்னும் இல்ல, காலியா விடு" என்றார். "ஒன்னும் இல்லன்னா எப்படி அங்கிள்? இல்லவே இல்லங்கிறீங்களா, தெரியலங்கிறீங்களா?" என்று நீ ஆரம்பித்துவிட்டாய். அவரும் சளைக்கவில்லை. வரிசை வாசல்வரை போய்விட்டது, சூப்பர்வைசர் வந்து என்னையும் சேர்த்துத் திட்டினார்.

அன்று வீடு திரும்பும் வண்டியில்தான் நான் கேட்டேன். "அதுல என்னடி இவ்ளோ பேச்சு? நம்புறவங்க, நம்பாதவங்க, அவ்ளோதானே?"

"அடிப்பாவி, ரெண்டே ரெண்டா?" என்று விரலை மடக்க ஆரம்பித்தாய். கடவுள் இல்லை என்று அடித்துச் சொல்கிறவர்கள் ஒரு கட்சி. இருக்கிறாரா இல்லையா என்று மனுஷப் புத்திக்குத் தெரியவே வராது என்கிறவர்கள் இன்னொன்று. யாரோ உலகத்தைச் செய்து ஓட விட்டார், அதற்கப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை என்கிறவர்கள் உண்டு. இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாளைக்கு நான் வேலைக்குத்தானே போகணும் என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நம்பாமலே பத்துமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறவர்களை எங்கே வைப்பது என்று உனக்கே குழப்பம்.

"நீ எதுடி?" என்றேன்.

"நான் நம்பல. ஆனா இல்லன்னு தெரியும்னு சொல்ல மாட்டேன். நம்புறது வேற, தெரியுறது வேறலா. நீ நம்புறே. உனக்குத் தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. தெரியும் என்று வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. நாலு தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகும் ரயில்வே குடும்பம் எங்களுடையது, இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை, ஞாபகமிருக்கிறதா? மூன்றாம் நாள் நீயே வடை வாங்கி வந்தாய்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகு ஒருநாள், அதே வண்டியில், நீ சாதாரணமாகச் சொன்னாய். "நான் செத்தா எனக்கு ஒன்னும் செய்யக் கூடாது. சடங்கு செய்யப் பண்டாரம் வேணாம், சங்கு வேணாம், தேங்கா ஒடைக்கிறது வேணாம். அப்படியே கொண்டு போய் எரிச்சிடுங்க. மககிட்ட இப்ப சொன்னா அழுவா. நீ சொல்லிடு." சரி என்று தலையாட்டினேன். இப்படியெல்லாம் பேசாதே என்று திட்டியிருக்கலாம். திட்டவில்லை, தலையாட்டினேன்.

பிறகு உன்னை நம் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். பதிவு போட்டது நான். உன் பெயரை அடித்தேன், கை அடுத்த கட்டத்துக்குப் போனது, இந்து என்று விழுந்தது. நினைத்துச் செய்யவில்லையடி, சத்தியமாக. மூன்றாம் நாள் வார்டுப் பட்டியலில் இந்து என்று பார்த்து அந்த அம்மாக்கள் உன் கட்டிலுக்கு வந்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்களை அனுப்பிவிடப் போனேன். நீ கையைத் தூக்கினாய்.

"இருக்கட்டும். பாடட்டும்."

பாடினார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டாய். ஓர் அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டே நெற்றியில் திருநீறு வைத்தார். உன் கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கி காதுக்குள் போனதை நான் துடைத்தேன். அவர்கள் போனதும் கேட்டேன், "என்னடி, கட்சி மாறிட்டியா?"

"அந்தம்மா கை சூடா இருந்துச்சு" என்றாய். அப்புறம், "ஃபாரத்துல என்ன போட்டே?" என்று கேட்டாய்.

சொன்னேன்.

"இருவது வருஷம் பக்கத்துல உக்காந்தே. என்னையக் கேக்கணும்னு தோணலயா உனக்கு?"

நீ கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. களைப்பாகக் கேட்டாய். மன்னிப்புக் கேட்டேனா இல்லையா என்பதுகூட இப்போது எனக்கு ஞாபகம் இல்லை.

பத்து நாளில் நீ போய்விட்டாய். பிரிக்ஃபீல்ட்ஸில் உன் ஃபிளாட்டுக்குக் கீழே கூடாரம் போட்டு, சவப்பெட்டியை வைத்து, உன் அண்ணன் பண்டாரத்தை வரச் சொல்லிவிட்டார். உன் மகள் மட்டும் பினாங்கிலிருந்து வந்த உடுப்போடு அலைந்துகொண்டிருந்தாள். என்னைத் தனியே மேலே சமையலறைக்குக் கூட்டிப்போனாள். "ஆன்ட்டி, அம்மா இதெல்லாம் நம்ப மாட்டாங்களே. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா? சொல்லியிருந்தா சொல்லுங்க, மாமாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் தயாராக நின்றாள். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு.

"இல்லம்மா. ஒன்னும் சொல்லல" என்றேன்.

சங்கு ஊதினார்கள். தேங்காய் உடைத்தார்கள். உன் மகள் வாய்க்கரிசி போட்டு, வாய்விட்டு அழுதாள். எல்லாம் முறையாக நடந்தது என்று எல்லோருக்கும் நிம்மதி. நான் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? ஏழு மாதமாகக் கேட்கிறேன், பிடிபடவில்லை. கட்டிலில் நீ அழுததைப் பார்த்ததாலா? அந்த அழுகை கடவுளுக்கா, பாட்டுக்கா, அந்தச் சூடான கைக்கா, சாவுக்கா? வண்டியில் நீ சொன்னது உன் பேச்சா, கட்டிலில் நீ கை தூக்கியது உன் பேச்சா? ஒருவேளை உன்னைப் பற்றியே இல்லையோ என்னவோ. ஒரு ஜெபமும் இல்லாமல் உன்னை அனுப்ப எனக்குத்தான் பயமாக இருந்தது. அது என் சாமிகூட இல்லை, ஆனாலும் ஏதோ ஒரு சாமி உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். உன் மகளுக்கு இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் நிம்மதி எனக்கு, வேதனை அவளுக்கு. அதிலும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

இப்போது கவுண்டரில் ஒவ்வொருவரையும் கேட்கிறேன். வரிசை நீள்கிறது, சூப்பர்வைசர் திட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் உன் பெயரை மனத்துக்குள் சொல்கிறேன். அதற்கும் நீ திட்டுவாய். எல்லோரும் சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது நம்புகிறேன் என்கிற இடத்தில் என் குரல் மட்டும் ஒரு நொடி பிந்துகிறது.

செத்த பிறகு ஒன்றுமே இல்லை என்றால், உன் பேச்சை மீறியதில் உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் என்னை மன்னிக்கவும் ஆளில்லை. நான் நம்புவதுபோல் இருந்தால், நீ எங்கோ உட்கார்ந்துகொண்டு என்மேல் கொதித்துக்கொண்டிருப்பாய். எது உண்மை என்று எனக்குத் தெரியாதடி. கொதித்துக்கொண்டே இரு, பரவாயில்லை. எங்கேயாவது இரு.